ஏழாம் சனல்

அன்றிரவு மக்கேசர் மைதானத்தில்
அவனுடைய மைக் மூடித்தான் இருந்தது.
பதினாறு சனல் மிக்ஸரில் ஏழாவது அவனுக்கு.
கட்டையை அடிவரை இழுத்துவிட்டு
மேலே ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி
‘தொடக்கூடாது’ என்று சிவப்பில் எழுதியவர்
அவனுடைய மனேஜர்.

பாட்டெல்லாம் ஒரு பென்ட்ரைவில்.
இடையில் மூச்சு வாங்குவதும் அதில்தான்.
‘திருகோணமலை, கையைத் தூக்கு!’ என்பதும் அதில்தான்.
முதலில் வேறேதோ ஊர் இருந்திருக்கும்;
வெட்டி ஒட்டிய இடத்தில் மட்டும்
குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

எங்கள் ஊர்
தன் பெயரைக் கேட்டதும் கையைத் தூக்கியது.
முன்வரிசையில் ஒரு பிள்ளை
கன்னத்தில் அவன் பெயரை எழுதி
அந்த மையிலேயே அழுதுகொண்டு நின்றாள்.

பாட்டில் அவனுக்கு மூன்று கார்,
துபாயில் நாற்பதாம் மாடி,
தீராத போத்தல், தீராத பெண்கள்.
அத்தனையையும் வாயசைத்தே வாங்கினான்.
கடற்பக்கமிருந்து அடித்த காற்றுக்கு
திறந்த மைக் என்றால் இரைந்திருக்க வேண்டும்.
இரையவில்லை.
ஜெனரேட்டர் பார்க்கிற நிஸ்தார் மட்டும்
என் காதுக்குள் கேட்டான்:
“ஒரு மிடறு தண்ணிகூடக் குடிக்கேல்லையே,
இவருக்குத் தொண்டை காயாதா?”

பிறகு உப்புவெளியில், ஹோட்டலில், விருந்து.
அங்கேயும் எங்கள் பெட்டிகள்தான், நீச்சல்குளத்தோரம்.
சிங்க இறால் ஓடு உடைபடாமலே ஆறிப்போனது.
யாரோ கழற்றிய தங்கநிறச் செருப்பொன்று
தண்ணீரில் சுற்றிச் சுற்றி வந்தது.
பாட்டொன்று முடிந்து அடுத்தது தொடங்குமுன்
வருகிற அந்த இரண்டு செக்கன் இருக்கிறதே,
அதற்குள் அவன் முகம் மாறிவிடும்.
“போடு, போடு, நிப்பாட்டாத!”
அவனுடைய பாட்டையே பதினொரு தரம் போட்டேன்.
பன்னிரண்டாவதில்
கேட்க ஆளில்லை.
கதிரைகளில் உடம்புகள் இருந்தன.

மூன்றரைக்கு, நான் வயர் சுற்றுகையில்,
வெறுங்காலோடு வந்தான்.
சங்கிலி முதுகுப்பக்கம் திரும்பிக் கிடந்தது.
“அண்ணை, ஏழை ஒருக்காத் திறவுங்கோ.”

பிளாஸ்டரை உரித்தேன்.
முதலில் கடல் வந்தது.
அடுத்து அவனுடைய மூச்சு,
பென்ட்ரைவில் இருந்ததை விடக் கட்டையாய்,
சளியோடு.
“செக்… செக்…” என்றான்,
பெட்டி தூக்குகிற பெடியனைப் போல.
ஊரே பாடுகிற அந்த வரியைத் தொடங்கி
மூன்றாம் சொல்லில் நின்றான்.
“இது என்ர குரல்தானோ?”
“ஓம் தம்பி, ஒண்டும் கலக்கேல்லை.”
“எக்கோ போடுங்கோ.”
போட்டேன்.
“இன்னும்.”
ஒரு சொல் ஆறு சொல்லாகும் வரைக்கும் ஏற்றினேன்.
பாடுவான் என்று பார்த்தால்
தன் முழுப்பெயரைச் சொன்னான், விளம்பரத்தில் இல்லாததை:
பிரணவரூபன்.
ரூபன், பன், ன் என்று அது
குளத்துக்கு மேலால் போய்
இருட்டில் தேய்ந்தது.
கடைசித் துணுக்கு வரைக்கும் காதைக் கொடுத்து நின்றுவிட்டுச் சொன்னான்:
“ஆரோ கூப்பிடுறமாதிரி இருக்கு, என்ன?”

எனக்குப் பெட்டி ஏற்ற நேரமாகியிருந்தது.
இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா என்று
தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தவனை
எப்படி நிறுத்துவது?
நிஸ்தார்தான் போய் ஜெனரேட்டரை அணைத்தான்.
டீசல் முடிஞ்சுது என்று பொய் சொன்னான்.

விடிகாலை, லொறி கோட்டை வாசலைக் கடக்கையில்
மதிலில் அவன் விளம்பரத்தை
இரண்டு புள்ளிமான்கள் இழுத்துத் தின்றன.
மாப்பசைக்காகத்தான்.
பசை தடவாத நடுப்பகுதி,
அவன் சிரிப்பு இருந்த இடம்,
கிழிந்து தெருவில் கிடந்தது.

சேர்ட் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைத்
தோய்க்கும்போது மனைவி எடுத்தாள்.
“எதைத் தொடக்கூடாது?” என்று கேட்டாள்.
நான் சொல்லவில்லை.

பேசிய காசில் பாதி இன்னும் வரவில்லை.
மனேஜருக்கு அழைத்தால்
எடுக்கும் வரைக்கும் அவனுடைய பாட்டுத்தான்.
எடுப்பதில்லை.
நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
மூன்றாம் சொல் தாண்டிப் போகிறது, பிசகாமல்.
மூச்சுகூட
சரியாக அதே இடத்தில்.